மெல்டுபிஸ் கழகத்துக்கு வயது கூட்டியவர்

மெல்டுபிஸ் ஊரில் இரண்டாயிரத்து நூறு பேர் வாழ்கிறார்கள். அங்கே ஒரு தேவாலயம், ஒரு பால் தொழிற்சாலை, ஒரு கூடைப்பந்து அரங்கம், ஒரு கால்பந்துத் திடல் ஆகியவை உண்டு. கூடைப்பந்து அரங்கத்தில் ஆயிரத்திருநூறு இருக்கைகள், அவை போதுவதில்லை. கால்பந்துத் திடலில் நான்கு பெஞ்சுகள், அவை மிச்சப்படும். மெல்டுபிஸ் கால்பந்துக் கழகம் மிகக் கீழான லீக்கில் ஆடுகிறது; அதற்குக் கீழே வேறு லீக் இல்லாத காரணத்தால் அங்கேயே நிலைத்திருக்கிறது. 1991-இல் லீக்கில் பதிவு செய்தபோது, தான் தோன்றிய ஆண்டு 1946 என்று கழகம் சொன்னது. 2005-இல் கேட்டபோது 1934 என்றது. 2015-இல் கேட்டபோது 1922 என்றது. 2022-இல் நூற்றாண்டு விழா கொண்டாடியது.

இவை தகவல்கள். இவற்றில் எதையும் நான் கூட்டவில்லை, கூட்டியவர் வேறொருவர். அவரைப் பற்றியும் அவருடைய இனத்தைப் பற்றியும்தான் இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கழக வரலாற்றாளர் என்பது அந்த இனத்தின் பெயர். அவரை யாரும் நியமிப்பதில்லை. அவருக்குச் சம்பளம் இல்லை, அறை இல்லை, எதிரில் உட்கார்ந்து கேட்பதற்குத் தானாக முன்வந்த ஒரு மனிதரும் இல்லை. மனிதர்களுக்கு ஓர் ஆண்டில் ஒரு வயதுதான் கூடும். மாட்டுக்கும் மரத்துக்கும் அப்படியே. இவர் கைக்கு வந்த கழகத்துக்கு மட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பன்னிரண்டு வயது கூடும். பெற்ற பிள்ளை வளர்வதைப் பார்த்து மகிழ்வோரை நாம் அறிவோம். பிள்ளை பின்பக்கமாக வளர்வதைப் பார்த்து மகிழ்கிறவர் இவர் ஒருவரே.

மெல்டுபிஸில் அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் ஜெனோனாஸ் கிர்வைதிஸ். பால் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளாக ஊரிலுள்ள எந்த விவசாயியாலும் ஒரு குவளைத் தண்ணீரைக்கூட அவர் கண்ணுக்குத் தப்பிப் பாலுக்குள் கொண்டுசேர்க்க முடிந்ததில்லை. பாலில் கொழுப்பு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதே மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்து, கைகழுவி, குளிர்ந்த பீட்ரூட் சூப்பைக் குடித்துவிட்டு, வரலாற்றுக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். இரண்டும் ஒரே கைகள்தான். இதில் முரண்பாடு எதையும் அவர் கண்டதில்லை. அந்த இனத்தைச் சேர்ந்த எவருமே கண்டதில்லை.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மிக எளிது. திடலில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் இவர்தான். பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி, 1958-இல் இதே இடது மூலையிலிருந்து வந்த பந்தை யார் தலையால் முட்டினார், முட்டியவரின் மாமனார் எந்த ஊர், அந்த மாமனாரின் குதிரைக்கு என்ன நோய் என்பதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் மெல்டுபிஸ் மூன்று கோல் வாங்கியிருக்கும். அதனால் அவர் கலங்கமாட்டார். இன்றைய ஆட்டம் இன்னும் முற்றவில்லை. அறுபது ஆண்டுகள் போனால் அதையும் வென்றுவிடலாம்.

சான்று கேட்டால்? கேட்காமல் இருப்பது நல்லது.

"போர்ல எரிஞ்சு போச்சுங்க" என்பார்.

"எரிஞ்சு போனது இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"இல்லாத ஒண்ணு எப்படிங்க எரியும்?"

அந்த வட்டாரத்தில் போர்கள் பல நடந்திருக்கின்றன. எதை வேண்டுமானாலும் எரித்துக்கொள்ள அவற்றில் இடமுண்டு.

கல்லறைத் திருநாள் வந்தால் ஊர் முழுவதும் தத்தம் குடும்பக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும். ஜெனோனாஸும் ஏற்றுவார். தம் குடும்பத்துக்கு இரண்டு. மீதி இருபது கழகத்துக்கு. 1882-க்கும் 1907-க்கும் இடையில் பிறந்து, ஆணாகவும் இருந்து, கல்லறையில் தெளிவாகப் பெயர் பொறிக்கப்பட்டவராகவும் இருந்தால், அவர் முன்னால் ஒரு விளக்கு எரியும். மறுவாரம் அவர் 1922 அணியில் இடம்பெற்றிருப்பார். அழைக்கப்பட்டவர்களில் எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. ஒருமுறை மட்டும் ஒருவருடைய பேத்தி குறுக்கிட்டாள்.

"ஐயா, எங்க தாத்தாவுக்கு ஒரு கால் கிடையாது."

ஜெனோனாஸ் பென்சிலை எடுத்துப் பட்டியலைத் திருத்தினார்.

"அப்போ கோல்கீப்பர்" என்றார்.

வீட்டிலும் நிலைமை இதுதான். அவருடைய மனைவி ஒதிலியா நிதானமான பெண்மணி. கேலியைக்கூட ரொட்டி வெட்டும் குரலிலேயே சொல்பவர். ஒருநாள் விருந்தினர் முன்னிலையில் கேட்டார்.

"ஏங்க, நமக்குக் கல்யாணம் ஆனது எந்த வருஷம்?"

"கீழ லீக்குக்கு இறங்கின வருஷம்."

"யாரு இறங்கினது?"

"கழகம்."

"சரி, சரி. நான்தானோன்னு நெனச்சேன்."

இந்த இனத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கதைக்கு அது மிக முக்கியம் என்பதால் வாசகர் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய ஆண்டு ஒன்று கிடைத்த அன்றே பழைய ஆண்டைத் தம் கையாலேயே குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள். 1934-ஐப் பத்தாண்டுகள் தூக்கிச் சுமந்த ஜெனோனாஸ், 1922 கிடைத்ததும் ஒலிபெருக்கியைப் பிடித்து, முப்பத்துநான்கில் பால் கூட்டுறவுக்காரர்கள் ஆடியது கால்பந்தே அல்ல, கைப்பந்து என்று ஊரறிய அறிவித்தார். புது மனைவி வீட்டுக்கு வந்தபின் பழைய மனைவியின் படத்தைச் சுவரில் வைத்திருப்பது நாகரிகமல்ல என்பது போன்ற ஓர் உணர்ச்சி.

1922 எப்படிக் கிடைத்தது? ஃபெலிக்ஸாஸ் என்ற முதியவர் தாம் இறப்பதற்கு முந்தைய ஆண்டு சொன்னார். 1922-இல் யோவான் திருநாள் அன்று, அதாவது ஜூன் இருபத்துநான்காம் தேதி, ஆற்றோரப் புல்வெளியில் இருபத்திரண்டு பேர் பந்தாடினார்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு விசில் ஊதினார். சேணம் தைப்பவர் தைத்த பந்து. அப்பாவின் தோளில் உட்கார்ந்து தாமே பார்த்தார். ஃபெலிக்ஸாஸுக்கு அப்போது வயது மூன்று. வேறு சாட்சி இல்லை.

"எந்த இடம்ங்க?" என்று ஜெனோனாஸ் கேட்டாராம்.

"ஆத்துக்கு இந்தப் பக்கம். வளைவுக்கு உள்ளே."

ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்றால் மெல்டுபிஸ். அந்தப் பக்கம் என்றால் கிர்னேனாய் என்ற அடுத்த ஊர். ஜெனோனாஸ் கரையோரமாக நடந்து பார்த்தார். ஆறு அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேராக ஓடியது. வளைவைக் காணோம். மூன்று வயதுக் குழந்தைக்கு எல்லாம் வளைவாகத்தான் தெரியும் என்று தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டு, கரைக்கு இந்தப் பக்கம் கண்ணுக்கு இதமான ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, டிராக்டர் வைத்து ஒரு பெரும் பாறையைக் கொண்டுவந்து நட்டு, அதில் 1922 என்று செதுக்கவைத்தார். அன்றுமுதல் ஆண்டுதோறும் யோவான் திருநாளில் கழகத்துக்குப் பிறந்தநாள். நூற்றாண்டுக்கு ஆள் உயரத்தில் மர வடிவக் கேக் வந்தது. கிளை கிளையாக, முள் முள்ளாக, அந்த நாட்டுத் திருமண வீடுகளில் வைப்பார்களே, அதே கேக். ஊரே சாப்பிட்டது. கூடைப்பந்துக்காரர்களும் வந்து சாப்பிட்டார்கள்.

இதுவரை சொன்னதில் எவருக்கும் நட்டமில்லை. அடுத்த ஆண்டு நட்டம் வந்தது.

அயல்நாட்டு வேலைக்குப் போன பெற்றோர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனதால் மெல்டுபிஸில் பந்தாட எட்டுச் சிறுவர்கள்தாம் மிஞ்சினார்கள். கிர்னேனாயில் ஏழு. வட்டார மன்றம் யோசித்து, இரண்டு கழகங்களையும் ஒன்றாக்கிவிடுவது என்று முடிவு செய்தது. அதில் தவறில்லை. சேர்ந்த கழகத்துக்கு எந்தப் பெயர், எந்த நிறம் என்ற கேள்வி எழுந்தபோது, எவரையும் புண்படுத்தாத வழி என்று கருதி, இரண்டில் எது மூத்ததோ அதன் பெயரும் நிறமும் நிலைக்கும் என்று தீர்மானித்தது. இதைவிடப் புண்படுத்தும் வழி வேறொன்றைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஜெனோனாஸுக்கு இது என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு வட்டார வானொலி ஆட்ட முடிவுகளை வாசிக்கும். 'மெல்டுபிஸ், சுழியம்' என்று ஓர் அந்நியக் குரல் சொல்லும். ஊருக்கு வெளியே உள்ள எவரும் அந்த ஊரின் பெயரை உச்சரிக்கும் நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். ரயில் அங்கே நிற்பதில்லை. வானிலை அறிக்கையில் அது வருவதில்லை. பதினான்கு ஆண்டுகள் இடது பின்வரிசையில் ஆடி, முழங்கால் போய், கோல் ஒன்றும் அடிக்காமல் ஓய்ந்த அந்த மனிதர், சமையலறையில் நின்றபடியே அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் வானொலியை அணைப்பார். ஒதிலியா அந்த ஒரு நிமிடம் குழாயைத் திறக்கமாட்டார்.

ஆனால் கவலைப்பட என்ன இருக்கிறது? கிர்னேனாயின் ஆண்டு 1926. மெல்டுபிஸின் ஆண்டு 1922. நான்கு ஆண்டு மூப்பு.

கிர்னேனாயிலும் ஒரு வரலாற்றாளர் இருந்தார் என்பதை வாசகர் ஊகித்திருப்பார். பெத்ரோனெலே என்ற பெண்மணி, தபால் நிலையத்தில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் முதலில் 1949 என்றுதான் தொடங்கினார். பிறகு 1931. பிறகு 1926 கிடைத்ததும், முப்பத்தொன்றில் நடந்தது வெறும் உடற்பயிற்சி அணிவகுப்பு என்று அறிவித்து அதைப் புதைத்தார். குருமட மாணவர்கள் 1926-இல் பந்தாடியதாகச் சொல்லப்படும் சுவரில் பித்தளைத் தகடு ஒன்றும் பதித்தார். இனம் ஒன்றே, சட்டையின் நிறம்தான் மஞ்சள்.

மன்றத்தின் முதல் விசாரணை 2024 மார்ச் மாதத்தில். தலைவர் அதேலே, எதையும் சீக்கிரம் முடிக்க விரும்பும் அம்மையார். ஜெனோனாஸ் நாற்பது நிமிடம் பேசினார். அதில் ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொன்னார். கல்லறைத் தோட்டம் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பொது; அங்கே திரட்டிய 1922 அணியில் மெல்டுபிஸ்காரர்கள் மூன்றே பேர் என்பதால், ஆட்களை வைத்து ஊரைத் தீர்மானித்தால் சிக்கல். ஆகவே ஒரு கோட்பாடு தேவைப்பட்டது.

"யாரு ஆடினாங்கங்கறது முக்கியம் இல்லீங்க. மொதல் பந்தை எந்த மண்ணுல உதைச்சாங்களோ, கழகம் அந்த மண்ணோடது."

பெத்ரோனெலே புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை அன்று எவரும் சரியாகப் படிக்கவில்லை.

"ஐயா சொன்னதை அப்படியே ஒத்துக்கறேன். அந்த மண்ணை ஒரு தடவை எல்லாரும் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாமே" என்றார்.

ஏப்ரலில் போனார்கள். மன்ற உறுப்பினர் ஜிக்மாஸ் தம் வேனில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டார். மூன்றாவது ஊர் ஒன்றைச் சேர்ந்த பெரிய விவசாயி, இரு கட்சியும் நம்பக்கூடியவர், கால்பந்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாதவர். பாறையருகே இறங்கியதும் ஜெனோனாஸ் தொப்பியைக் கழற்றினார்.

"கல்லு நல்லாத்தான் இருக்கு" என்றார் பெத்ரோனெலே. "ஆனா இடம் இது இல்ல. வாங்க, பாலத்தைத் தாண்டுவோம்."

பாலத்தைத் தாண்டினால் கிர்னேனாய். ஜிக்மாஸ் குத்தகைக்கு எடுத்திருந்த எண்ணெய்க்கடுகு வயல் பச்சையாக விரிந்திருந்தது. அதன் நடுவே பனி உருகிய நீர் தேங்கி, பிறைநிலா வடிவில் ஒரு பள்ளம் மின்னியது. பள்ளத்தின் ஓரமெங்கும் கிழட்டு வில்லோ மரங்கள், அதே வளைவில், வரிசை பிசகாமல் நின்றன.

"வயலுக்கு நடுவுல ஆத்தங்கரை மரத்தை எவனாவது நடுவானா?" என்று பெத்ரோனெலே கேட்டார். "இதுதான் ஆறு. பழைய ஆறு. அறுபத்தேழுல வடிகால்காரங்க வந்து நேரா வெட்டிவிட்டாங்க. அந்த மண்வெட்டும் எந்திரத்தை ஓட்டினதே எங்கப்பாதான். மதியம் சோறு கொண்டுபோய்க் குடுத்தவ நான். அதுவரைக்கும் இந்தப் புல்வெளி மெல்டுபிஸ் பக்கம், வளைவுக்கு உள்ளே. வெட்டின பிற்பாடு ஆத்துக்கு எங்க பக்கம் வந்துடுச்சு. எல்லையும் ஆத்தோடவே வந்துடுச்சு. இப்ப இது யாரு மண்ணு?"

"நான் கிர்னேனாய்க்குத்தான் வரி கட்டறேன்" என்றார் ஜிக்மாஸ்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், வளைவுக்கு உள்ளே. குழந்தை ஃபெலிக்ஸாஸ் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஜெனோனாஸ் 1983-இல் வேலைக்காக அந்த ஊருக்குக் குடிவந்தவர். அவர் பார்த்த ஆறு நேரான ஆறு. சதுப்பை வயலாக்குகிறோம் என்று ஓடைகளையெல்லாம் கோடுகளாக்கிய அந்த நாட்டில், ஆற்றின் பக்கத்தை வைத்து வரலாறு எழுதுகிறவர் முதலில் ஆற்றிடம் அதன் வயதைக் கேட்டிருக்க வேண்டும். அவர் எல்லாவற்றின் வயதையும் கேட்டவர். இதன் வயதை மட்டும் கேட்கவில்லை.

"அப்போ, ஐயாவோட கோட்பாட்டுப்படி," என்றார் பெத்ரோனெலே, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு எங்களோடது."

"உங்க இருபத்தாறு?" என்று அதேலே கேட்டார்.

இங்கேதான் இனத்தின் குணம் எழுந்து நின்றது.

"அதுவாம்மா? குருமடத்துப் பசங்க நாலு பேரு சுவத்துல பந்து அடிச்சது. அதைப் போயி யாராவது கழகம்னு சொல்லுவாங்களா?"

பித்தளைத் தகடு பதித்தவர் சொன்னார் இதை. தலைவர் தலையசைத்தார். எல்லாரும் கேட்டார்கள். வேனில் திரும்பும்போது ஜிக்மாஸ் இந்த ஆண்டு மழை எப்படி இருக்கும் என்று ஒரு கருத்தைச் சொன்னார்.

அடுத்த சில நாட்கள் ஜெனோனாஸ் சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"அந்த இருபத்திரண்டை விட்டுடுங்களேன்" என்றார் ஒதிலியா.

"விட்டா அவங்க எடுத்துக்குவாங்க."

"எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"பேரும் போயிடும். அப்புறம் ஞாயித்துக்கிழமை அந்த ஆளு கிர்னேனாய்னு வாசிப்பான். அதை வேற நான் கேக்கணும். இருபத்திரண்டை விட்டுட்டா நான் யாரு, சொல்லு?"

"பாலுல தண்ணி கண்டுபிடிச்ச ஆளு" என்றார் ஒதிலியா, தட்டை எடுத்துக்கொண்டு.

அவர் கரண்டியை வைத்தார். முப்பது ஆண்டுகளாகக் கேன்களின் முன்னால் நின்று செய்த வேலையை 1922-இன் முன்னால் ஒருநாளும் அவர் செய்ததில்லை. இப்போது செய்தார். சோதனைக்கு நீண்ட நேரம் பிடிக்கவில்லை. உண்மையில் முதல் நாளிலிருந்தே அந்த நாற்றம் மூக்கில் இருந்தது. தலையை மட்டும் வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவரும் புல் அறுக்கும் குடும்பத்தில் பிறந்தவர்தாமே.

மே மாதம் இறுதி விசாரணை. பெத்ரோனெலே மஞ்சள் ரவிக்கையில் வந்திருந்தார். மெல்டுபிஸிலிருந்து கோல்கீப்பர் மாந்த்விதாஸும் இன்னும் பத்துப் பேரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். தம் வரலாற்றாளர் ஆற்றைத் திருப்பி வளைத்துவிடுவார் என்று அவர்கள் முழுமையாக நம்பினார்கள். ஜெனோனாஸ் எழுந்தார்.

"தலைவரம்மா, ஜிக்மாஸ் ஐயாகிட்ட நாலு கேள்வி கேக்கணும்."

"கேளுங்க. சுருக்கமா."

"ஐயா, ஜூன் இருபத்துநாலு. ஆத்தோரப் புல்வெளி. புல்லு எவ்வளவு உயரம் இருக்கும்?"

"இடுப்பு வரைக்கும். நல்ல வருஷம்னா நெஞ்சு வரைக்கும்."

"அந்தக் காலத்துல எப்போ அறுப்பாங்க?"

"இருபத்தொம்பதாந் தேதி பேதுரு பவுல் திருநாளுக்கு அப்புறம்தான். எங்க தாத்தா அதுக்கு ஒருநாள் முன்னாடிகூட அரிவாள் தீட்டமாட்டாரு."

"அதுக்கு முன்னாடி அதுல இருபத்திரண்டு பேரு ஓடினா?"

"மாட்டுக்குக் காயவைக்க விட்ட புல்லுலயா?" ஜிக்மாஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். கால்பந்தைப் பற்றி அவருக்கு முதன்முறையாக ஒரு கருத்து உண்டாயிற்று. "நாயி உள்ள போனாலே கல்லெடுத்து அடிப்போம். இருபத்திரண்டு தடிப்பயலுவ ஓடினா ஊரே திரண்டு வந்து காலை ஒடைச்சிருக்கும். குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு எதைப் போடறது?"

"கடைசிக் கேள்வி. அந்தப் புல்லுல பந்து கண்ணுக்குத் தெரியுமா?"

"பந்தா? பாதிரியாரே தெரியமாட்டாரு."

அவையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்தபின் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களில் புல் அறுக்காதவர் எவரும் இல்லை. ஏழெட்டு ஆண்டுகளாக யோவான் திருநாளில் அந்தப் பாறையைச் சுற்றிக் கைதட்டியவர்களும் அவர்களே. இடுப்பளவுப் புல்லைக் கையால் விலக்கிக்கொண்டு வந்து நின்று கைதட்டியவர்கள்.

"அதனால," என்றார் ஜெனோனாஸ், "இருபத்திரண்டுல ஆட்டம் எதுவும் நடக்கலைங்க. இந்தப் பக்கமும் நடக்கல, அந்தப் பக்கமும் நடக்கல."

பெத்ரோனெலே எழுந்துவிட்டார். "இது என்ன நியாயம்? ரெண்டு வருஷம் முன்னாடி நூறு வருஷத்துக் கேக்கை வெட்டினது யாரு?"

"நான்தாம்மா வெட்டினேன். கேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. வருஷம்தான் நல்லா இல்ல."

"சரி, போகட்டும்! நான் இருபத்தாறுக்கே திரும்பிப் போறேன்."

"அம்மா," என்றார் அதேலே, "சுவத்துல பந்து அடிச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாரும் கேட்டோமே."

"முப்பத்தொண்ணு?"

"அணிவகுப்பு. அதையும் நீங்கதான் சொன்னீங்க."

"அப்போ அவரோட முப்பத்துநாலு?"

"கைப்பந்து" என்றார் ஜெனோனாஸ் உடனே. அவர் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. கேனைத் திருப்பி அனுப்பும் குரல்.

புதைத்தவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபோது, கிர்னேனாய்க்கு மிஞ்சியது 1949-இல் ஆளிநார் நெசவுத் தொழிற்சாலை ஊழியர்கள் அமைத்த அணி. மெல்டுபிஸுக்கு மிஞ்சியது 1946-இல் பால் தொழிற்சாலைக்காரர்கள் சீருடை இல்லாமல் பனியனோடு ஆடிய அணி. அந்த இரண்டையும் அதுவரை எவரும் பொருட்படுத்தாததால் எவரும் இடிக்கவும் இல்லை. மூன்று ஆண்டு வித்தியாசம். பெயர் மெல்டுபிஸ், நிறம் பச்சை. அதேலே எழுந்து, எல்லாருக்கும் நன்றி சொல்லி, காப்பி ஆறிவிட்டது என்று குறிப்பிட்டார்.

இவ்வளவு பெரிய வெற்றியைப் பெற்றுத் தந்தவரை ஊர் தோளில் தூக்கியதா? மாந்த்விதாஸ் வாசலிலேயே மறித்துக்கொண்டான்.

"என்னண்ணே இது? யாரைக் கேட்டு இருபத்துநாலு வருஷத்தைத் தூக்கிக் குடுத்தீங்க?"

"பேரு நமக்கு நின்னுடுச்சேப்பா."

"பேரு கெடக்கட்டும். என் பனியன்ல நூறுன்னு போட்டிருக்கு. இனிமே அதை எப்படிப் போட்டுக்கிட்டு எறங்கறது? அந்தக் கிர்னேனாய்ப் பொடியனுங்க சிரிப்பானுங்க. அதுவும் இப்ப நம்ம அணியிலேயே நின்னு சிரிப்பானுங்க."

நாவிதர், ரொட்டிக்கடைக்காரர், தேவாலயத்து மணியடிப்பவர் என்று, பெஞ்சில் ஒருநாளும் வந்து உட்காராத ஊரெல்லாம் தன் நூறு ஆண்டுகளைக் களவு கொடுத்த துக்கத்தில் இருந்தது. ஆண்டைக் கூட்டியபோது அவரை எவரும் கவனிக்கவில்லை. கழித்தபோது அனைவரும் கவனித்தார்கள். அந்த ஜூனில் பாறையருகே எவரும் வரவில்லை. ஜெனோனாஸ் மட்டும் கல் செதுக்குபவரோடு போய், இடுப்பளவுப் புல்லில் நின்று, எண்ணை மாற்றிச் செதுக்கச் சொன்னார். செதுக்குபவர், அடுத்த தடவை மாற்ற வசதியாகச் சற்று ஆழம் குறைவாகவே செதுக்கட்டுமா என்று கேட்டார். ஜெனோனாஸ் பழைய எண்ணை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆழமாகவே செதுக்கச் சொல்லிவிட்டார்.

வாசகரே, நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவரல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு சிறு சோதனை செய்து பார்ப்பதில் பிழையில்லை. உங்கள் ஊர்த் திருவிழா அழைப்பிதழில் சென்ற முறை எத்தனையாவது ஆண்டு என்று அச்சடித்தீர்கள், இம்முறை எத்தனை என்று அச்சடித்திருக்கிறீர்கள், இடையில் ஒன்றுதான் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா நடந்தே காசிக்குப் போனவர் என்று நீங்கள் சொல்லும்போது, அவருக்குக் காலில் ஏதாவது குறை இருந்ததாக வீட்டில் யாராவது சொல்ல வாயெடுத்தார்களா, நீங்கள் பேச்சை மாற்றினீர்களா என்றும் யோசியுங்கள். எல்லாம் போரில் எரிந்துவிட்டது என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

மெல்டுபிஸ் கால்பந்துக் கழகத்தின் வயது, மன்றம் ஏற்றுக்கொண்ட கணக்கின்படி, எழுபத்தெட்டு ஆண்டுகள்.